இருதயம் ஏன் நின்றது? – நஷ்டஈட்டு வழக்குகளில் மருத்துவ நிபுணரின் அறிக்கை

ஜேடர்பாளையத்துச் சங்கத்தின் கணக்குகளைப் பரிசீலிப்பதற்காக நாம் சென்றிருந்த ஒரு நாளில், அலுவல் முடிந்து புத்தகங்களைக் கட்டி வைக்கும் தறுவாயில், அங்கத்தினர் ஒருவரின் மனைவியார் ஒரு மஞ்சள் பையுடன் வந்து நின்றார். அவருடைய கணவர் காவிரிக் கரையோரம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். மார்வலியென்று ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, ஐம்பத்திரண்டு வயதில், மறுநாளே காலமாகிவிட்டார். “வழக்குப் போட்டால் பத்து லட்சம் கிடைக்கும்” என்றார் உறவினர் ஒருவர். “ஒரு டாக்டருக்கு எதிராக இன்னொரு டாக்டர் எழுதவே மாட்டார், காசைக் கரைக்காதே” என்றார் மற்றொருவர். எதை நம்புவது என்று அறியாமல் அந்த அம்மையார் சங்கத்தை நாடி வந்திருந்தார்.

பையில் இருந்தவை மருந்துக் கடை ரசீதுகளும், இறப்புக் குறிப்பு ஒன்றும், இ.சி.ஜி. என்னும் இருதய மின்வரைபடத் தாள்கள் இரண்டும். அத்தாள்களுள் ஒன்று வெளுத்து வெறுங்காகிதமாகிவிட்டிருந்தது. இறப்புக் குறிப்பில் காரணம் என்ற இடத்தில், இருதயமும் சுவாசமும் நின்றமை என்று மட்டும் எழுதியிருந்தது. அம்மையார் சொன்னார்: “ஐயா, நெஞ்சு நின்னு போச்சுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அது எங்களுக்கே தெரியுமுங்க. ஏன் நின்னுச்சுன்னு யாரும் எழுதலீங்களே.”

நாம் வைத்தியரும் அல்லோம், வக்கீலும் அல்லோம். ஆயினும் அந்த ஒரு கேள்வியில் இவ்விஷயம் முழுவதும் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றிற்று. ஆகவே, இம்மாதப் பாடமாக அதனை எடுத்துக்கொள்கிறோம்.

1. இருதயம் நிற்பது காரணம் ஆகாது

இறந்தவர் எவருடைய இருதயமும் நின்றுதான் இருக்கும். பாம்பு கடித்தவருக்கும் நிற்கும்; காய்ச்சலில் இறந்தவருக்கும் நிற்கும். ஒரு சங்கத்தில் பணம் குறைந்தால், “கையிருப்பு குறைந்தபடியால் நஷ்டம்” என்று எழுதி எந்தத் தணிக்கையாளரும் கையெழுத்திட மாட்டார். ஏன் குறைந்தது, எந்த நாளில் குறைந்தது, எந்த வவுச்சரில் குறைந்தது என்று கேட்பார். மரணத்தின் விஷயத்திலும் கேட்கவேண்டிய கேள்வி அதுவே. இருதய நாளம் அடைபட்டதா, துடிப்பின் ஒழுங்கு கெட்டதா, வால்வு பழுதுற்றிருந்ததா, நுரையீரல் நாளத்தில் இரத்தக் கட்டி சென்று அடைத்ததா, அல்லது மருந்தினால் நேர்ந்ததா என்று பிரித்துச் சொன்னால்தான் அது காரணம் ஆகும்.

ஹைதராபாத்தில் நிகழ்ந்த ஒரு வழக்கு இதனை விளக்கும். மலேரியா இலாகாவிலேயே உத்தியோகம் பார்த்த ஒருவரின் மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவமனையில் டைபாய்டு என்று கருதிச் சிகிச்சை செய்தார்கள். நிலைமை மோசமாகி, வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டு அவர் இறந்தார். இரண்டாவது மருத்துவமனை கொடுத்த சான்றிதழில், இருதயமும் சுவாசமும் நின்றமை என்பதோடு மலேரியா என்ற சொல்லும் இருந்தது. மாவட்ட மன்றம் 2 லட்சம் ரூபாய் நஷ்டஈடு அளித்தது. நிபுணர் அபிப்பிராயம் இல்லையென்று மேல் ஆணையங்கள் அதனைத் தள்ளின. 2010 மார்ச் 8-ல் உச்ச நீதிமன்றம் மாவட்ட மன்றத்தின் தீர்ப்பையே மீண்டும் நிலைநாட்டிற்று. சான்றிதழில் முதற்பகுதி மட்டும் இருந்திருக்குமானால், அந்தக் காகிதத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம் இருந்திருக்கும் என்று அங்கத்தினர்கள் சிந்திக்கவேண்டும்.

2. நிபுணர் அறிக்கை என்பது யாது?

நீதிபதி வைத்தியம் படித்தவர் அல்லர். ஆகவே, தனிப் பயிற்சி வேண்டிய விஷயங்களில் அத்துறை வல்லவரின் அபிப்பிராயத்தைக் கேட்க 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு இடம் கொடுத்தது. 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்திற்குப் பதிலாக வந்துள்ள 2023-ஆம் ஆண்டுப் பாரதிய சாட்சிய அதிநியமத்தில் அதே ஏற்பாடு 39-ஆம் பிரிவாக உள்ளது.

இதில் கவனிக்கவேண்டியது, நிபுணர் கொடுப்பது அபிப்பிராயமே, தீர்ப்பு அன்று. நீதிமன்றம் அதற்குக் கட்டுப்பட்டதும் அன்று. 2009-ஆம் ஆண்டு ஒரு மருத்துவமனை வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கிற்று. நிபுணர் தாம் பார்த்த ஆதாரங்களையும், அவற்றிலிருந்து தம் முடிவுக்கு வந்த நியாயங்களையும் எடுத்துவைக்கவேண்டும். அவற்றைக் கொண்டு நீதிமன்றம் தன் சொந்த முடிவுக்கு வர இயலவேண்டும். “கவனக்குறைவு உண்டு” என்றோ “இல்லை” என்றோ ஒற்றை வரியில் எழுதிய தாள், எழுதியவர் எவ்வளவு பெரியவராயினும், வவுச்சர் இல்லாத தணிக்கை அறிக்கையைப் போன்றதே.

மேலும், நிபுணர் தம்மை அழைத்தவரின் கட்சிக்காரர் அல்லர். குடும்பத்தார் கட்டணம் கொடுத்துக் கேட்டாலும், மருத்துவமனை கேட்டாலும், அவர் எழுதவேண்டியது ஒன்றே. தமக்குச் சாதகமாக எழுதும் ஒருவரைத் தேடி அலைவது வீண். எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணையில் அத்தகைய அறிக்கை நில்லாது. இருதயச் சிகிச்சை பற்றிய வழக்கில் இருதய மருத்துவத்தில் அனுபவமுள்ளவரே எழுதுவதும் அவசியம்.

3. அறிக்கை விடை சொல்லவேண்டிய மூன்று வினாக்கள்

முதல் வினா: அந்த நிலையில் தகுதியுள்ள ஒரு மருத்துவர் என்ன செய்திருப்பார்? மிகச் சிறந்த மருத்துவர் என்ன செய்திருப்பார் என்பதன்று வினா. நியாயமான திறமையுள்ள மருத்துவர் எதைச் செய்வார் என்பதே. 1957-ல் இங்கிலாந்தில் வகுக்கப்பட்ட இந்த அளவுகோலை, நம் உச்ச நீதிமன்றம் 2005 ஆகஸ்டு 5-ல் ஜேகப் மேத்யூ வழக்கில் ஏற்று உறுதிப்படுத்திற்று. மார்வலியுடன் வந்தவருக்கு வந்த 10 நிமிஷத்திற்குள் இ.சி.ஜி. எடுத்துப் பார்க்கவேண்டும் என்பது இருதய மருத்துவத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட முறை. முதல் வரைபடம் சரியாகத் தோன்றினாலும் வலி தொடர்ந்தால் மறுபடி எடுக்கவேண்டும். இருதயத் தசை சேதமுறும்போது இரத்தத்தில் கலக்கும் டிரோபோனின் என்னும் பொருள் தெரியவரச் சில மணி நேரம் ஆகுமாதலால், ஒரு முறை சோதித்து ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்புவதும் ஆபத்தாகலாம்.

இரண்டாவது வினா: அவ்வாறு செய்யப்பட்டதா? இதற்கு விடை மருத்துவமனைக் கோப்பில் மணிக்கணக்கோடு இருக்கவேண்டும். வந்தது எத்தனை மணி, இ.சி.ஜி. எத்தனை மணி, இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து எத்தனை மணி, மேல் மருத்துவமனைக்கு அனுப்பியது எத்தனை மணி என்று நிபுணர் வரிசைப்படுத்துவார்.

மூன்றாவது வினா: செய்யத் தவறியதனால்தான் மரணம் நேர்ந்ததா? மிகப் பல வழக்குகள் தடுக்கி விழுவது இங்கேதான். நம் ராஜவாய்க்காலில் ஒரு மடை அடைபட்டால், அதன் கீழுள்ள வயல் காயத் தொடங்கும். ஒரு நாளில் திறந்தால் பயிர் பிழைக்கும். பத்து நாள் கழித்துத் திறந்தால் தண்ணீர் வரும், பயிர் வராது. இருதய நாளம் அடைபட்டாலும் அவ்வாறே; அதன் கீழுள்ள தசை அரை மணி நேரத்திலேயே அழியத் தொடங்கி, சில மணி நேரத்தில் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. நோயாளி முதல் மணியில் வந்தும் மருந்து தாமதமானால், அத்தாமதம் உயிருக்குக் காரணமாயிற்று என்று நிபுணர் சொல்ல இடமுண்டு. பத்து மணி நேரம் கழித்து வந்தவருக்கு அரை மணி தாமதம் ஏற்பட்டிருந்தால், தவறு தவறுதான். ஆயினும் மரணத்திற்குக் காரணம் அதுவே என்று சொல்வது கடினம்.

4. நீதிமன்றங்களில் நடந்தவை

பம்பாயில் 1998-ல் பெருந்தமனி வீக்கத்திற்கு அறுவைச் சிகிச்சை பெற்ற ஒருவர் பின்னர் இறந்தார். தேசிய நுகர்வோர் ஆணையம் அவர் குடும்பத்திற்குச் சுமார் 14 லட்சம் ரூபாய் அளித்தது. 2021 நவம்பர் 30-ல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்துச் செய்தது. கவனக்குறைவை ருசுப்பிக்கும் மருத்துவச் சான்று குடும்பத்தாரால் வைக்கப்படவில்லை என்பதும், சிகிச்சை செய்தும் நோயாளி பிழைக்கவில்லை என்பதனாலேயே மருத்துவரைக் குற்றவாளி ஆக்க இயலாது என்பதும் அத்தீர்ப்பின் சாரம். இடைக்காலத்தில் கொடுக்கப்பட்ட 5 லட்சம் ரூபாயை மட்டும் கருணைத் தொகையாக வைத்துக்கொள்ளுமாறு விட்டது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்து வந்த முடிவு இது.

தறிப்பட்டறையிலும் வண்டியிலும் வேலை செய்யும் அங்கத்தினர்க்கு வேறு இரு வழக்குகள் முக்கியமானவை. வேலையில் இருக்கும்போது மாரடைப்பு வந்து இறந்தால் முதலாளி நஷ்டஈடு தரவேண்டுமா என்பது அவற்றில் எழுந்த வினா. வண்டிக் கிளீனராயிருந்த ஓர் இளைஞர் இருதயம் நின்று இறந்த வழக்கில், வேலையின் பளுவுக்கும் மரணத்திற்கும் சம்பந்தம் காட்டும் சான்று இல்லையென்று 2006 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கோரிக்கையை ஏற்கவில்லை. மற்றொன்றில், தில்லியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரி ஓட்டிச் சென்ற ஓட்டுநர், வழியில் உடல்நலம் குன்றி வண்டியை ஓரமாக நிறுத்தி இறந்தார். அந்த நீண்ட ஓட்டத்தின் களைப்புக்கும் மரணத்திற்கும் தொடர்பு உண்டு என்று 2012 டிசம்பரில் நஷ்டஈடு அளிக்கப்பட்டது. நோயின் பெயர் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. தொடர்பு காட்டும் ஆதாரமே வேறு. இவை 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எழுந்தவை. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துள்ளது. மரணம் வேலையினின்று எழுந்ததா என்ற வினா மட்டும் மாறவில்லை.

காப்பீட்டிலும் இதே வினா வரும். மோட்டார் சைக்கிளில் செல்கையில் மார்வலி கண்டு கீழே விழுந்து இறந்த ஒருவரின் மனைவி, விபத்துக்குரிய கூடுதல் தொகையை ஆயுள் காப்பீட்டுக் கழகத்திடம் கோரினார். விழுந்த காயத்தினால் இறந்தார் என்பதற்குச் சான்று இல்லை, மாரடைப்பே காரணம், ஆகவே விபத்துத் தொகை இல்லை என்று 2019 ஏப்ரல் 24-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எல்லா வழக்கிற்கும் நிபுணர் அறிக்கை கட்டாயமா? அன்று. முன் சொன்ன 2010 தீர்ப்பு, தவறு கண்கூடாகத் தெரியும் இடத்தில் அது வேண்டியதில்லை என்கிறது. ஆனால் மருத்துவர்மீது குற்ற வழக்குத் தொடுப்பதானால், தகுதியுள்ள மற்றொரு மருத்துவரின் நம்பத்தகுந்த அபிப்பிராயம் முதலிலேயே வேண்டும் என்பது 2005 தீர்ப்பு. இருதய நோய் நுட்பமான விஷயமாதலால், நஷ்டஈடு கோருபவரும் அறிக்கை பெற்றுக்கொண்டே இறங்குவது விவேகம்.

5. காகிதங்களைக் காப்பது எப்படி?

நிபுணர் எவ்வளவு கெட்டிக்காரராயினும், காகிதம் இல்லாமல் அவரால் ஒன்றும் எழுத இயலாது. எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்று நம் பெரியோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

அ) இ.சி.ஜி. தாள் பெரும்பாலும் வெப்பத்தால் பதியும் காகிதம். வெயிலிலும், சூட்டிலும், பிளாஸ்டிக் உறையிலும் சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். கிடைத்த அன்றே நகல் எடுத்து, கைபேசியில் படமும் பிடித்து வைக்கவேண்டும்.

ஆ) 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகளின்படி, உள்நோயாளியின் கோப்பை மருத்துவர் 3 ஆண்டு காக்கவேண்டும், நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்திற்குள் கொடுக்கவேண்டும். எழுத்தில் கேளுங்கள், கேட்டதற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள்.

இ) முதலில் காட்டிய இடத்தின் சீட்டு எறியத் தக்கதன்று. தமிழக அரசு 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்வலி நோயாளிக்கு உடனடியாக 14 மாத்திரைகள் கொடுத்து மேல் மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அந்தச் சீட்டும், 108-ஐ அழைத்த நேரமும் பின்னால் மணிக்கணக்கை நிலைநாட்டும்.

ஈ) மரணத்தில் சந்தேகம் இருந்தால், பிரேதப் பரிசோதனையை அன்றே எழுத்தில் கோரவேண்டும். துக்கத்தில் இருக்கும் குடும்பத்தாரிடம் இதனைச் சொல்வது கடினம் என்பதை நாம் அறிவோம். ஆயினும், எரியூட்டியபின் இருதயம் ஏன் நின்றது என்பதற்கு உறுதியான விடை கிடைப்பது அரிது.

உ) வலி தொடங்கிய நேரம், என்ன சொன்னார், எதைக் குடித்தார், எப்போது புறப்பட்டோம் என்பவற்றை நினைவு மங்குமுன் ஒரு நோட்டில் உள்ளபடியே எழுதி வைக்கவேண்டும். நமக்குப் பாதகமானதையும் மறைத்தல் கூடாது. மறைத்த நேரம் மருத்துவமனைக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும்.

6. எங்கே செல்வது?

கட்டணம் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்டது என்பது 1995 நவம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. காப்பீட்டு நிறுவனம் கட்டணம் செலுத்தினாலும் அது இலவசச் சிகிச்சை ஆகாது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாக நடக்கும் மருத்துவமனையின் சேவை அச்சட்டத்தில் வராது. அதற்கு உரிமையியல் நீதிமன்றத்தையே நாடவேண்டும்.

நம் பகுதியினர்க்குரியது நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய கட்டணம் 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கேயே மனுச் செய்யலாம். 5 லட்சம் வரை மனுக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யவேண்டும் என்பதை மறத்தல் ஆகாது. பெண்களுக்கும் வசதி குறைந்தோர்க்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் உதவி தருகிறது.

நிபுணரிடம் “இவர்கள் கொன்றுவிட்டார்கள் என்று எழுதித் தாருங்கள்” என்று கேட்கவேண்டாம். காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்கி எண்ணிட்டு, மேற்சொன்ன மூன்று வினாக்களையும் எழுதிக் கொடுங்கள். எந்தத் தாள் இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

7. மஞ்சள் பையின் முடிவு

அந்த அம்மையார் எழுத்தில் கேட்டபடி மருத்துவமனைக் கோப்பு மூன்றாம் நாள் கிடைத்தது. வெளுத்துப்போன இ.சி.ஜி.யின் நகல் நல்ல வேளையாக அதில் இருந்தது. சங்கச் செயலாளரின் முயற்சியால் ஓய்வுபெற்ற இருதய மருத்துவப் பேராசிரியர் ஒருவர் அனைத்தையும் படித்து மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தார். வலி தொடங்கியது இரவு ஒன்பது மணி. வாயு என்று எண்ணிச் சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துப் படுத்தவர், மருத்துவமனை சேர்ந்தது விடியற்காலை ஐந்து மணிக்கு. இ.சி.ஜி. ஏழாவது நிமிஷத்தில் எடுக்கப்பட்டிருக்கிறது. கட்டியைக் கரைக்கும் மருந்து அரை மணிக்குள் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் தசையின் பெரும்பகுதி அழிந்திருந்தபடியால் மறுநாள் துடிப்பின் ஒழுங்கு கெட்டு இருதயம் நின்றது. சிகிச்சையில் குறை காணவில்லை என்று நியாயங்களோடு முடித்திருந்தார்.

வழக்கு இல்லை என்று ஆயிற்று. அம்மையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அன்னைக்கு ராத்திரியே கூட்டிட்டுப் போயிருக்கோணும்” என்றார். அதற்கு நம்மிடம் பதில் இல்லை. வாயு என்று நினைப்பது படித்தவர்களும் செய்யும் பிழை என்று பேராசிரியர் கடைசி வரியில் எழுதியிருந்ததை மட்டும் செயலாளர் வாசித்துக் காட்டினார்.

பழக்கத்தின் காரணமாக அவருடைய கணவரின் வங்கிப் பாஸ் புத்தகத்தை நாம் புரட்டினோம். ஆண்டுதோறும் 436 ரூபாயும் 20 ரூபாயும் கழிக்கப்பட்டிருந்தன. முன்னது எக்காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் ரூபாய் தரும் பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு. பின்னது விபத்துக்கு மட்டும் உரிய சுரக்ஷா காப்பீடு. மாரடைப்பு விபத்து ஆகாதாகையால் பின்னதில் ஒன்றும் இல்லை. முன்னதில் விண்ணப்பித்து 2 லட்சம் ரூபாய் வந்தது. இப்படியொரு காப்பீடு இருப்பதே அவ்வீட்டில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பத்து லட்சம் என்ற பேச்சை நம்பி வழக்காடியிருந்தால் இத்தொகையும் வக்கீல் செலவில் கரைந்திருக்கக் கூடும்.

ஆகவே அங்கத்தினர்களே, நேர்மையான நிபுணர் அறிக்கை நமக்குச் சாதகமாக வந்தால் நஷ்டஈடு கிட்டும்; பாதகமாக வந்தாலும் உண்மை கிட்டும். இரண்டுக்கும் விலை ஒன்றே. அது காகிதங்களைக் காப்பதும், உள்ளதை உள்ளபடி சொல்வதும் ஆகும். அதற்கும் முன்னதாக, மார்வலி கண்ட இரவில் விடியும்வரை காத்திராமல் 108-ஐ அழைப்போமாக.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க வினாக்கள்

1. “இருதயம் நின்றமை” என்பது ஏன் மரண காரணம் ஆகாது?
2. நிபுணர் அறிக்கை விடை கூறவேண்டிய மூன்று வினாக்கள் யாவை?
3. கிளீனர் வழக்கிலும் லாரி ஓட்டுநர் வழக்கிலும் முடிவு வேறுபட்டது ஏன்?
4. உங்கள் வீட்டில் உள்ள இ.சி.ஜி. தாள்களுக்கு நகல் உண்டா?
5. உங்கள் பாஸ் புத்தகத்தில் எந்தக் காப்பீடுகளுக்குப் பணம் கழிக்கப்படுகிறது? வீட்டில் வேறு யாருக்கு அது தெரியும்?